சேராங்கொட்டை மேல் போட்ட பழி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்காவது நான் நல்லவன் மாதிரித் தெரிந்தால் நீங்கள் நம்பிவிடக் கூடாது பாருங்கள். மட்டாஞ்சேரியில் எங்கள் சலவைக்களத்தில் என் கல்லுக்குப் பக்கத்துக் கல்லை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. ஒரு சட்டையில் பொத்தான் உடைந்தால் அன்றைக்கு முழுக்க என் வாய் ஓயாது. என் மனைவி இதற்கு நேர் எதிர், வாயில்லாப் பூச்சி. ஒன்பது வருஷம் என் கூச்சலைக் காதில் வாங்கிக்கொண்டு, அவள் பாட்டுக்குத் துணியைப் பிழிந்து, காயப்போடுகிற முறுக்குக் கயிற்றில் சொருகிக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தண்ணீரில் நின்று பிழைக்கிறவர்களுக்குப் புழுக்கடி வராமல் இருக்காது. படர்தாமரையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கால்விரல் இடுக்கில் எங்கள் எல்லாருக்கும் உண்டு. வேப்பெண்ணெய், மஞ்சள், மருந்துக்கடைக் களிம்பு என்று எதையாவது தடவிக்கொண்டு காலம் தள்ளுவோம். அந்த வருஷத்து மழையில் அவளுக்கு அது காலோடு நிற்கவில்லை. இடுப்புக்கு ஏறியது, கைக்கு வந்தது, கை நகங்கள் மஞ்சளாகி உளுத்துப்போயின. அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

செய்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. அம்மா வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டால்தான் தூங்குவாள். பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து இவள் தன் பாயை எடுத்து அடுப்படியில் போட்டுக்கொண்டாள். தட்டு தனி, டம்ளர் தனி. பிள்ளை எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்று அழும். இவள் உள்ளே இருந்தபடியே, கையை நீட்டாமல், பேசிப் பேசியே அதைச் சமாதானம் செய்து அனுப்புவாள். இதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கிறாளே என்று ஒரு நாள் கத்திவிட்டு, மறுநாள் காலை அவளை இழுத்துக்கொண்டு எர்ணாகுளத்துக்குப் போட் ஏறினேன்.

தோல் டாக்டர் பொறுமையான மனிதர். கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், களிம்பு இனிமேல் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும் என்றார். ஒரு மாதத்துக்கு மேலேயே சாப்பிட வேண்டியிருக்கும். சோற்றில் நெய்யோ எண்ணெயோ சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், அப்போதுதான் மருந்து உடம்பில் பிடிக்கும். கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் திரும்பி வரும். அதற்கப்புறம் அவர் இன்னும் ஏதோ சொன்னார். உடம்பில் புதிதாக ஏதாவது கண்டால் மாத்திரையை விட்டுவிட்டு உடனே வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லித்தான் இருப்பார். நான் அதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். திரும்பும் போட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மாத்திரையை அவள் பொறுப்பில் விட எனக்கு மனசு வரவில்லை. தனக்கென்று வரும்போது எதையும் மறந்துபோகிறவள். அதனால் அட்டையை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். காலையும் மத்தியானமும் நானே போய், சாப்பிட்டாயா, நெய் விட்டாயா என்று கேட்டு, கையில் கொடுத்து, முழுங்குகிற வரைக்கும் நின்று பார்ப்பேன். நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது மட்டும் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியிருந்தது. பத்து நாளில் அரிப்பு குறைந்தது. இடுப்பில் இருந்த வட்டங்கள் ஓரம் மங்க ஆரம்பித்தன. இன்னும் கொஞ்ச நாளில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் அக்காவிடம் சொன்னாளாம். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, பக்கத்துக் கல்லில் துவைக்கிற விதவை அக்கா. என்னிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்கு ஓரத்தில் குறி போடுவோம். பலரும் கடையில் விற்கிற மையை வாங்க ஆரம்பித்திருந்தார்கள். நான் சேராங்கொட்டையை விடவில்லை. கொட்டையை ஊசியால் குத்தினால் கறுப்பாகப் பால் வரும். அதால் குறி வைத்து மேலே சுண்ணாம்பைத் தடவிவிட்டால், துணி கிழியும், குறி போகாது. ஆனால் அந்தப் பால் தோலில் பட்டால் போச்சு. பட்ட இடம் சிவந்து, கொப்பளித்து, பொசுங்கிவிடும். ஒரு தடவையாவது சேராங்கொட்டையிடம் அடி வாங்காத ஆள் எங்கள் களத்தில் கிடையாது. அதனால் அந்த வேலையை நான்தான் செய்வேன். ஒரு நாள் நான் திரும்பி வர நேரமாகிவிட்டதென்று, ஒரு லாட்ஜின் புது விரிப்புகளுக்கு அவளே உட்கார்ந்து குறி போட்டு முடித்திருந்தாள்.

இரண்டாம் நாள் காலையில், பனிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். காய்ச்சலுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு அது. கண் எரிகிறது, தொண்டை எரிகிறது என்றாள். மத்தியானத்துக்குள் கழுத்திலும் நெஞ்சிலும் கைகளிலும் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. எனக்கு உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். சேராங்கொட்டை! கண்ணை எங்கே வைத்துக்கொண்டு ஊசியைக் குத்தினாய், பால் தெறித்த கையைக் கழுவாமல் உடம்பெல்லாம் தடவிக்கொண்டாயா என்று பிடித்துக்கொண்டேன். கையில் பட்ட மாதிரி ஞாபகமே இல்லையே என்றாள் மெதுவாக. பின்னே ஆகாசத்திலிருந்து வந்ததா என்று கத்தினேன். எரிந்துகொண்டிருந்த உடம்போடு நின்று அவள் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டாள்.

களத்தில் யாருக்கும் வேறு சந்தேகமே வரவில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டி, சேராங்கொட்டைதான் என்றார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த எரிச்சல் அது ஒன்றுதான். வேறொன்று இருக்கும் என்று எப்படித் தோன்றும்? அக்கா புளியந்தளிரை அரைத்துப் பூசினாள், தேங்காய்ப்பால் தடவினாள். சாயாக்கடைச் சேட்டன் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். சேரு என்றால் சேராங்கொட்டை; அது பட்டுப் பொள்ளினால் தான்றி மரத்தைச் சுற்றி வர வேண்டும், சேரு செய்த குற்றத்தைத் தான்றி பொறுத்துக்கொள்ளும் என்பது மலையாளத்துக்காரர்கள் நம்பிக்கை. தெரிந்த ஒரு கோயில் காவில் தான்றி மரம் இருந்தது. கொதிக்கிற காய்ச்சலோடு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஏழு சுற்றுச் சுற்ற வைத்தேன். நாலாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் மூணுதான், எழுந்திரு என்று தூக்கி நிறுத்தினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மாத்திரையை மட்டும் நான் விடவில்லை. சேராங்கொட்டைக்குப் பூச்சு, புழுக்கடிக்கு மாத்திரை, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மூன்று நாள். அவள் உதடு வெடித்துப் புண்ணாகிவிட்டது. வாய்க்குள்ளும் புண். எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டாள். தானாகக் கையால் எடுத்துச் சாப்பிட முடியவில்லை. நான் சோற்றைக் குழைய வடித்து, நெய் விட்டு, கையாலேயே மசித்துக் கூழாக்கினேன். மடியில் தலையை வைத்துக்கொண்டு விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்தேன். மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கித் தூளாக்கி, கடைசி வாய்ச் சோற்றில் கலந்து கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழியும். துடைத்துவிட்டு, அவ்வளவுதான், முடிந்தது என்பேன். அப்படி ஊட்டிய மூன்று நாளும் நான் அவளைத் திட்டவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாலாம் நாள் காலையும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, வியர்வையில் நனைந்த முதுகை ஈரத்துணியால் துடைத்தேன். துணியோடு தோல் வந்தது.

ஒரு வாடிக்கைக்காரர் வீட்டுக் காரில் அவளைப் படுக்க வைத்து எர்ணாகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வார்டில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, ஓடி வந்து பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டதும் நான் சேராங்கொட்டைக் கதையை மூச்சு விடாமல் சொன்னேன். அவள் என் மனைவியின் உதட்டை மெல்ல விலக்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்த இமைகளைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"சேரு எங்ஙனெயா சேட்டா வாயினகத்து போகுந்நது?"

வாய்க்குள் எப்படிப் போகும்? அதுவரை நான் ஒரு நிமிஷம்கூட அதை யோசிக்கவில்லை. ஏதாவது மருந்து சாப்பிட்டாளா என்று அடுத்த கேள்வி. மத்தியான வேளைக்காகச் சட்டைப் பையில் வைத்திருந்த அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றாள். காலையில் என்றேன். அவள் உடனே அட்டையைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு விளக்கிச் சொன்னாள். ஆயிரக்கணக்கான பேருக்கு நன்மை செய்கிற மருந்துதான். அபூர்வமாக யாரோ ஒருவர் உடம்பு அதை எதிரியாக நினைத்துவிடும். அப்போது தோல் உள்ளும் புறமும் வெந்துபோகும். முதல் சிவப்புத் திட்டைப் பார்த்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். கண் தப்ப வேண்டும், புண் சீழ் பிடித்துப் பழுப்பு வைக்காமல் இருக்க வேண்டும், இரண்டும் நடந்தால் பிழைப்பாள் என்றாள்.

ஆஸ்பத்திரி விரிப்பு முரடு. அவள் முதுகு அதில் ஒட்டிக்கொண்டது. வாழையிலையில் படுக்க வைக்கலாம், மேலே போர்த்த மெல்லிய பழைய துணி கொண்டு வரலாம் என்று நர்ஸ் சொன்னாள். அந்த வேலை எனக்குத் தெரியும். துணி வெளுப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? என் பழைய வேட்டிகளை எடுத்து வெந்நீரில் கொதிக்க வைத்து, சவுக்காரத்தின் வாடை துளிகூட இல்லாமல் போகிறவரை அலசினேன். கல்லில் ஓங்கி அடிக்கவில்லை, கஞ்சி போடவில்லை. இரண்டு பக்கமும் சூடாகத் தேய்த்து, சுத்தமான துணியில் சுற்றி, முதல் போட்டில் கொண்டுபோனேன். வாடிக்கை வீடுகளில் கேட்டு வாங்கிய குருத்து வாழையிலையை அனலில் வாட்டி எண்ணெய் தடவி விரித்தோம். தினமும் இப்படித்தான். பத்தொன்பது நாள். அந்த நாட்களில் நான் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை.

மணிக்கு ஒரு தரம் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், இமை ஒட்டிவிடாமல் விலக்கிவிட வேண்டும். நர்ஸ் செய்வதைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். என் விரல் காய்த்துப்போன விரல். அதால் கண்ணைத் தொடப் பயந்தேன். இருந்தாலும் என் கை பட்டால் அவள் முகத்தைத் திருப்பவில்லை, நர்ஸ் கைக்குத் திருப்பினாள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ இடது கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் கூசி மூடினாள், திரும்பத் திறந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிகிறதா என்று கேட்டேன். தலையை அசைத்தாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாய் கொஞ்சம் ஆறியதும் முதலில் பிள்ளையைக் கேட்டாள். அக்காவிடம் நன்றாக இருக்கிறாள் என்றேன். அடுத்துக் கேட்டாள்:

"சேராங்கொட்டைதானேங்க? நான்தான் சரியாப் பாக்காம..."

ஆமாம் என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. ஆமாம் என்றேன். சரி போகட்டும், இனிமேல் பார்த்துச் செய் என்றுகூடச் சொன்னேன். மாத்திரையைக் கரண்டியில் நசுக்கிச் சோற்றில் கலந்து ஊட்டிய கை இது என்று எந்த வாயால் சொல்வேன்? பழி ஒரு கொட்டையின் மேல் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா விடுவதாக இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் கிரிசியோஃபல்வின் என்று பெரிதாக எழுதி, கீழே கோடு போட்டு என்னிடம் கொடுத்தாள். இன்னொரு தடவை இந்த மருந்து உள்ளே போனால் ஆளைக் காப்பாற்ற முடியாது. எந்த டாக்டரிடம் போனாலும் இதைக் காட்ட வேண்டும், அவளுக்கும் இந்தப் பெயர் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்கிறேன் என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

போட் துறை வரைக்கும் சொல்லவில்லை. போட் கிளம்பியது, அப்போதும் சொல்லவில்லை. முகத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. வெயில் படாமல் என் வேட்டியால் முக்காடு போட்டு அவளை நிழலில் உட்கார வைத்திருந்தேன். நான் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். திரும்பத் தண்ணீரில் நிற்கத்தான் போகிறாள். திரும்பப் புழுக்கடி வரத்தான் போகிறது. நான் இல்லாத ஒரு நாளில் மருந்துக்கடையில் கேட்டு அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டால்? சொன்னால், என் முகத்தை இனி எப்படிப் பார்ப்பாள்? வில்லிங்டன் தீவில் நின்ற கப்பல்களையெல்லாம் போட் தாண்டிவிட்டது. இனி மட்டாஞ்சேரிதான். தாளை எடுத்து அவள் மடியில் வைத்தேன். சேராங்கொட்டை இல்லை, நான் கொடுத்த மாத்திரைதான் என்றேன். ஒரே மூச்சில், கரண்டியில் நசுக்கியது, நாலாம் நாள் காலையில் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன். புதுசாக ஏதாவது கண்டால் நிறுத்தச் சொல்லி டாக்டர் சொன்னாரே, நீங்கள் எழுந்துவிட்டீர்கள், நான் கேட்டேன் என்றாள். மாத்திரை இறங்கிக் கொஞ்ச நேரத்தில் எரிச்சல் கூடுவதும் தெரிந்ததாம். ஆஸ்பத்திரியில் சேராங்கொட்டைதானே என்று கேட்டது, நான் மனசு நொந்துபோவேன் என்று கேட்டதாம்.

"தெரிஞ்சுமா முழுங்கினே?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, எங்கோ யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஒம்பது வருஷத்துல நீங்க எனக்கு ஊட்டிவிட்டது அந்த மூணு நாலு நாளுதானே. வேணாம்னு எப்படிச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படியொரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. உயிர் போயிருந்தால் என்ன செய்திருப்பாய், பிள்ளையை நினைத்தாயா, வேண்டாமென்றால் வேண்டாமென்று வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா, நான் என்ன ராட்சசனா என்று கத்தினேன். போட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்திக்கொண்டே அழுதேன். ராட்சசனா என்று கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் பிள்ளை அம்மாவைப் பார்த்ததும் முதலில் அக்கா பின்னால் ஒளிந்தாள். பிறகு குரலைக் கேட்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அக்கா கஞ்சி வைத்திருந்தாள். கிண்ணத்தில் ஊற்றி, தேங்காய் துருவிப் போட்டு, அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஒரு கரண்டி எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். என்னைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். புது உதட்டை ஒட்ட மூடிக்கொண்டாள். முகத்தைத் திருப்பினாள்.

"வேணாம்" என்றாள். "சுடுது."

ஊதினேன். அவள் போதும் என்று சொல்கிறவரைக்கும் ஊதினேன்.